ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும், பள்ளிக்கல்வித் துறை அமைச்சர், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சர் ஆகியோருக்கும்,

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ‘அறிவொளி’ எழுத்தறிவு இயக்கத் தொண்டனாக வந்தவன் நான். ஒன்றிய ஒருங்கிணைப்பாளர் ஆனேன். பிறகு மாவட்ட அளவில் வயதுவந்தோர் கல்வியைப் பார்த்தேன். கடைசிக் காலத்தில் திறன் பயிற்சிக்கு மாற்றினார்கள், அங்கிருந்தே ஓய்வுபெற்றேன். முதல் வேலையில் என் கோப்புகள் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககத்துக்குப் போயின. இரண்டாவது வேலையில் திறன் மேம்பாட்டுக் கழகத்துக்குப் போயின. முன்பு கற்போர் பட்டியலில் நானே எழுதிச் சேர்த்த பெயர்களைப் பிறகு “தகுதியில்லை” என்று கழித்த பட்டியலில் பார்த்தேன். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அதிகாரி என்று எந்தத் துறையிலும் யாரும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் அதிக காலம் இருந்தது தருமபுரி மாவட்டத்தில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி 68.54, மாநிலத்தில் கடைசி இடம். இதே மாவட்டத்தின் தோளை ஒட்டி ஓசூர் நிற்கிறது. செல்போன் பாகம் செய்யும் ஆலையும் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள்; ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் பெண்களை அழைத்து வந்து விடுதி கட்டித் தங்கவைக்கிறார்கள். பென்னாகரத்துப் பெண்ணோ அதே ஓசூரைத் தாண்டி பெங்களூருக்கு பஸ் ஏறுகிறாள், சித்தாள் வேலைக்கு. ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு வருகிறவர்கள்தான். வாசலில் ஓடும் வண்டியில் நம் ஆள் ஏன் ஏற முடியவில்லை என்பதே என் கேள்வி.

ஏற முடியாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று சொல்லும் அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் விடியற்காலையில் பாலக்கோடு பஸ் நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

அறிவொளிக் காலத்தில் நாங்கள் அட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ‘அ’னாவில் தொடங்கப் பார்ப்போம். பெண்கள் எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள். மேஸ்திரி கையில் ஒரு குட்டி நோட்டு இருக்கும். அதில் பெயருக்கு நேராக முழுநாள் என்றால் ஒரு கோடு, அரைநாள் என்றால் பாதிக் கோடு. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது, “நீ செவ்வாய்க்கெழம அரைநாள்தானே” என்பார் மேஸ்திரி. இல்லை என்று சொல்ல அந்தப் பெண்ணிடம் ஒரு சாட்சியும் இருக்காது. ஓர் ஊரில் பெண்கள் பாடப் புத்தகத்தின் பின் அட்டையில் தாங்களே கட்டம் போட்டு நாள் குறிக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு மேஸ்திரி என்னிடம் வந்து, “ஏன் சார் பொம்பளைங்களைக் கெடுக்கறீங்க” என்று சண்டைக்கு நின்றார். எங்கள் பாடத்துக்கு அதைவிடப் பெரிய தேர்ச்சிச் சான்று எனக்குக் கிடைத்ததில்லை. எழுத்துக்கும் கூலிக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதை அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

புதுக்கோட்டைக்கும் இது தெரிந்திருந்தது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அங்கே அறிவொளி தொடங்கியது. சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் பெண்கள் ஏறிப் போனார்கள். அந்தப் படம் ஊருலகமெல்லாம் பரவியது. பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார், இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள். அதே மாவட்டத்தில் நடந்த இன்னொன்றைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கல்குவாரிகளில் கூலிக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கு குவாரியையே குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரர் என்றால் லோடு கணக்கு தெரிய வேண்டும், ரசீது படிக்க வேண்டும், வங்கியில் கையெழுத்துப் போட வேண்டும். நேற்றுவரை கூலியாக இருந்தவளுக்கு எழுத்து தெரிந்தே ஆக வேண்டிய ஓர் இடத்தை அரசு உண்டாக்கிக் கொடுத்தது. எழுத்தும் தொழிலும் உரிமையும் ஒரே ஆட்சியர் மேசையில் இருந்ததால் அது நடந்தது. ஆட்சியர் மாறினால் மேசையும் மாறும் என்பது தனிக்கதை.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் அலுவலகக் கோப்புகளில் எல்லாம் இருக்கும். 1978 அக்டோபர் 2இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம். 2009இல் சாக்‌ஷர் பாரத். ஊராட்சிக்கு ஒரு கல்வி மையம், அதற்கு இரண்டு ஊக்குநர்கள், தலைக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம். 2018 மார்ச் 31ஆம் தேதியோடு அதுவும் முடிந்தது. அடுத்த திட்டம் 2020இல் ‘கற்போம் எழுதுவோம்’ என்று வருவதற்குள், பயிற்சி பெற்ற ஊக்குநர்கள் மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மையத்தின் கரும்பலகைகள் ரேஷன் கடையில் இருப்பு எழுத உதவின. 2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். ஒவ்வொரு முறையும் பெயர் புதிது, சின்னம் புதிது, கணக்கெடுப்பும் முதலிலிருந்து. கற்பவர் மட்டும் பழைய ஆள். “போன தடவையும் என் பேரை எழுதிக்கிட்டுப் போனீங்களே சார்” என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதுவதாக இல்லை.

இப்போது நடக்கும் திட்டத்தின் பணத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2022 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்கு நாடு முழுவதற்கும் 1,037.90 கோடி ரூபாய். இதில் 700 கோடி ஒன்றிய அரசின் பங்கு, மீதி மாநிலங்கள் தருவது. இலக்கு 5 கோடிப் பேர். வகுத்தால் தலைக்கு 207 ரூபாய் சொச்சம். அடிப்படை எழுத்தறிவுக்கு 200 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்பது திட்டத்தின் கணக்கு. அதாவது புத்தகம், பயிற்சி, தேர்வு, மேற்பார்வை எல்லாம் சேர்ந்து மணிக்கு ஒரு ரூபாய். ஆசிரியருக்கு? அவர் தன்னார்வலர். நம் மாநிலத்திலேயே 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியிருக்கிறோம். நல்ல வேலை, ரோபோ கையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளின் முகத்தை நானும் பார்த்தேன். ஆனாலும் ஒரு மாநிலத்தின் 71 பட்டறைகளுக்குச் செலவாவது, ஒரு நாட்டின் எழுத்தறியாத பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ஐந்தாண்டில் ஒதுக்கியதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் என்பதை யாராவது ஒருவர் சட்டமன்றத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தன்னார்வலர் என்ற ஏற்பாட்டை நான் இழிவாகப் பேச மாட்டேன். நானே அப்படி வந்தவன். ஆனால் அறிவொளி ஓர் அலை. கலைக்குழு, பாட்டு, ஊர்வலம், ஆட்சியர் முதல் அங்கன்வாடி ஊழியர் வரை எல்லோரும் தெருவில் இருந்த காலம் அது. அலை நேரத்தில் இனாமாக உழைக்க ஆயிரம் பேர் வருவார்கள். அலை இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் மையத்தைத் திறக்க ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கலாம் என்று இந்த அரசு இயந்திரம்தானே முடிவெடுத்தது? பிள்ளைக்குக் கொடுத்த மரியாதையை அந்தப் பிள்ளையின் தாய்க்கும் கொடுங்கள்.

எழுத்தும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்கு ஒன்றிய அரசு அளவிலும் ஒரு முன்மாதிரி இருந்தது. 1967இல் பம்பாயில் ‘ஷ்ரமிக் வித்யாபீடம்’ என்று ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கினார்கள். அதுவே பின்னால் ஜன் சிக்‌ஷண் சன்ஸ்தான் ஆயிற்று. எழுத்தறியாதவர், புதிதாக எழுத்தறிந்தவர், பள்ளியைப் பாதியில் விட்டவர் ஆகியோருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் இடம். கல்வி அமைச்சகத்தின் கீழ் இருந்த அதை 2018இல் திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். அதே 2018இல்தான் சாக்‌ஷர் பாரத்தும் நின்றது. ஒரே ஆண்டில் எழுத்து ஒரு பக்கம் அறுந்து விழுந்தது, தொழில் இன்னொரு பக்கம் குடிபோயிற்று. டெல்லியில் நடந்தது என்று நாம் கைகழுவ முடியாது. நம் தலைமைச் செயலகத்திலும் தொழிற்பயிற்சி ஒரு துறை, திறன் கழகம் வேறு, மகளிர் குழுப் பயிற்சி ஊரக வளர்ச்சியில், வயதுவந்தோர் கல்வி பள்ளிக்கல்வியில், வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி தனி. ஐந்து வாசல், எழுதப் படிக்கத் தெரியாதவர் எந்த வாசலில் நின்றாலும் அடுத்த வாசலைக் காட்டுவார்கள்.

திறன் பயிற்சி உள்ளே எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘டார்கெட்’ வரும். ‘மொபிலைசர்’ என்றொரு தம்பி பைக்கில் ஊர் ஊராகப் போய் ஆதார் நகலும் மதிப்பெண் சான்றும் வாங்கி வருவார். முப்பது பேர் சேர்ந்தால் ஒரு ‘பேட்ச்’. கைரேகை வருகைப்பதிவு, மதிப்பீட்டுத் தேர்வு, சான்றிதழ், பில். பயிற்சி நிறுவனத்துக்கு வரவேண்டிய பணத்தில் பெரும்பங்கு சான்றிதழ் வரைக்கும் வந்துவிடும். அதற்குப் பிறகு வேலைக்குப் போனாரா என்று மூன்று மாதம் பார்ப்பார்கள், அதுவும் போனில். கிராமத்துப் பெண் என்றால் என்ன பயிற்சி? தையல். போன பேட்சும் தையல், அதற்கு முந்தியதும் தையல். முந்நூறு வீடு உள்ள ஊரில் எத்தனை பேர்தான் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பது? எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும் என்று அந்த ஒன்றியத்தில் யாரும் கேட்பதில்லை. எந்தப் பயிற்சிக்குக் கருவிச் செலவு குறைவோ அது நடக்கும். பட்டுக்கூடு அங்காடி இருக்கும் மாவட்டம் இது. இளம்புழு வளர்ப்பிலும் நூற்பிலும் ஆள் பஞ்சம் என்று விவசாயிகள் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு பேட்ச் போட நான் பட்ட பாட்டை எழுதினால் தனி மடல் ஆகிவிடும்.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குச் சான்று கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. ஆர்.பி.எல். என்பார்கள். கருத்தளவில் இதைவிட நல்ல திட்டம் இல்லை. அந்தத் தேர்வு ஒன்றில் நான் உடன் இருந்தேன். ஐம்பதைத் தொடும் கொத்தனார். வாய்க்கால் பாலம் முதல் மூன்று மாடி வீடு வரை கட்டியவர். செய்முறையில், கட்டிய சுவரின் ஓரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு கல்லைக் கரண்டிப் பிடியால் தட்டினார். மதிப்பீட்டாளர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டேப்லெட்டைக் கையில் கொடுத்தார்கள், எழுத்துத் தேர்வுக்கு. கொத்தனார் அதைத் தலைகீழாகவும் திருப்பவில்லை, நேராகவும் பார்க்கவில்லை; சும்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பையன் கேள்வியை ரகசியமாகப் படித்துச் சொன்னான்: பூச்சுக்கு முன்னால் சுவரை ஏன் நனைக்க வேண்டும்? “நனைக்கலன்னா செவுரு சிமெண்ட்டுத் தண்ணியக் குடிச்சிடும், பூச்சு வெடிச்சிக்கும். இதக் கேக்கறதுக்கா தம்பி இந்தப் பொட்டி?” என்றார். அடுத்த கேள்விக்குள் மதிப்பீட்டாளர் பையனை வெளியே போகச் சொன்னார், விதி அப்படி. அவர்மேல் தப்பில்லை. கேள்வியை டேப்லெட் தானே வாய்விட்டுப் படிக்கும்படி செய்ய இன்றைக்கு எந்தத் தொழில்நுட்பமும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் போனோடு பேசிக்கொண்டிருக்கிற காலம் இது.

இனி, நான் மிகவும் மதிக்கும் ஒரு விதிக்கு வருகிறேன். அரசு ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பில் ஆண்களுக்கு 40 வயது வரை என்று இருக்கும். மகளிருக்கு உச்ச வயது வரம்பு இல்லை. இந்த விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். ‘விடியல் பயணம்’ திட்டத்தில் மகளிருக்கு பஸ்ஸும் இலவசம். நாற்பத்திரண்டு வயதுப் பெண் வெல்டிங் படிக்கலாம், வயரிங் படிக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. அடுத்த வரியில் கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு அல்லது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. எழுத்தறிவுத் திட்டத்தில் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய பெண்ணின் கையில் இருப்பது, ஏறக்குறைய இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு நிகரான படிப்பு. அங்கிருந்து எட்டாம் வகுப்பு வரை என்ன இருக்கிறது? தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தேர்வுத் துறை ஒழுங்காக நடத்துகிறது. அதற்குப் படிக்க ஓர் இடம், சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், வயதுவந்தவர் மனசுக்கு ஏற்ற ஒரு புத்தகம், இவை மூன்றும் ஊரில் கிடையாது. நடுவில் ஐந்து படி இல்லாத ஏணியை நட்டுவைத்துவிட்டு, மேலே ஏறியவர்களைப் பாராட்டுகிறோம்.

கேரளத்தில் எழுத்தறிவு இயக்கமே நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என்று சமநிலைத் தேர்வுகளைப் படிப்படியாக நடத்துகிறது. 2018இல் 96 வயது கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 எடுத்தபோது எல்லாப் பத்திரிகையும் படம் போட்டது. நம் ஊர் அதிகாரிகளும் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். அவருக்கு அடுத்த தேர்வு எழுதவும் அங்கே வகுப்பு இருந்தது என்பதை யாரும் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

“பெரியவர்களை விடுங்கள், அடுத்த தலைமுறை படித்துவிட்டது” என்று என் காதுபட ஒரு மூத்த அதிகாரி சொன்னார். கணக்குப்படி பார்த்தாலும் இது சரிப்படாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8. வேலைக்கு வரும் இளைஞர் கூட்டம் இனி ஆண்டுக்கு ஆண்டு மெலியும். இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருப்பவர் இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கப்போகிறார், சித்தாளாகவோ வேறு ஏதாவதாகவோ. அந்த ‘வேறு ஏதாவது’ என்ன என்பது உங்கள் கையில் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2027 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு விகிதம் நிச்சயம் ஏறும். நாம் ஒருவருக்கும் ஓர் எழுத்துகூடச் சொல்லித்தராவிட்டாலும் ஏறும். எழுத்தறியாத கிழவர்களும் கிழவிகளும் செத்துப்போகிறார்கள், படித்த பிள்ளைகள் கணக்கில் சேருகிறார்கள். அதை யாராவது சாதனை என்று மேடையில் வாசிக்கும்போது நாற்பது வயதுக்காரர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. பெயரும் சின்னமும் வேண்டாம். தொடக்க விழாவும் வேண்டாம். குத்துவிளக்கு ஏற்றுகிற செலவில் ஒரு மையத்துக்கு மூன்று மாதம் வாடகை கொடுக்கலாம். ஒன்றியத்துக்கு ஒரு நிரந்தர ஆள், சம்பளத்தோடு. அவருக்கு இரண்டு துறைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு, கையில் ஒரே பட்டியல்: அந்த ஒன்றியத்தில் 15 முதல் 45 வயது வரை எட்டாம் வகுப்பு முடிக்காதவர் யார் யார், என்ன வேலை பார்க்கிறார்கள். வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்கு மாலையில் எட்டாம் வகுப்புக்கான வகுப்பு. ஐந்து மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் ஐ.டி.ஐ. பட்டறையில் வாரம் இரண்டு மாலை கைவேலை, அதே ஆட்களுக்கு. படித்து முடித்துத்தான் பட்டறைக்குள் வரவேண்டும் என்று இருந்தால் பாதிப்பேர் நடுவில் நின்றுவிடுவார்கள். இதை எத்தனை மையத்தில் பார்த்தேன் என்று எண்ணி மாளாது. வெல்டிங் கண்ணாடியை முகத்தில் மாட்டிப் பார்த்தவள் ‘மின்னழுத்தம்’ என்ற சொல்லைத் தானே எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பயிற்சி நிறுவனங்களுக்கான தொகையில் ஒரு நல்ல பங்கை ஓராண்டு கழித்துக் கொடுங்கள், பயிற்சி பெற்றவரின் கூலி ஏறியிருந்தால் மட்டும். நிறுவனங்கள் கூச்சல் போடும். ஒழுங்காக நடத்துகிற ஒன்றிரண்டு கூச்சல் போடாது, அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் வகுப்புக்கு வருவதில்லை என்பது உண்மை. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பெண்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட அவர்களுக்குக் கூச்சம். டிரைவிங் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது வந்தார்கள், வேறெதற்கும் வரவில்லை. அந்த லைசென்ஸ் ஆசையையே பாடத்திட்டமாக்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். போக்குவரத்துத் துறை என்பது ஆறாவது வாசல் என்று தெரிந்துகொண்டேன்.

எட்டாம் வகுப்பு தனித்தேர்வுக்கு ஒரு கல்வியாண்டு போதும் என்பது என் கணக்கு, ஏற்கெனவே எழுத்தறிவுச் சான்று வாங்கியவர்களுக்கு. பென்னாகரம், அரூர் இரண்டு ஒன்றியங்களில் முதலில் செய்து பாருங்கள். மலையும் சமவெளியும் கலந்தவை. இங்கே நடந்தால் மற்ற இடத்தில் நடக்கும். கற்போர் பட்டியல் வட்டார வளமையத்தில் இருக்கிறது, கழித்த பட்டியல் திறன் அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர ஓர் அரசாணை போதும். நிதித் துறையின் ஒப்புதல் தேவைப்படும் இடம் அந்த இரண்டு ஆட்களின் சம்பளம் மட்டுமே.

இப்படிக்கு,
வயதுவந்தோர் கல்வி, திறன் பயிற்சிப் பணிகளிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவன்,
தருமபுரி மாவட்டம்.